நாய்க்கு ஏற்ற தெள்ளுப்பூச்சி, உண்ணி மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நாயின் உடலில் பூச்சியைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த மருந்து நல்லது?’ என்பதுதான். அதற்கு ஒரே பதில் கிடையாது. ஒரு நாய்க்கு நல்ல பலன் தந்த மருந்து இன்னொரு நாய்க்கு ஆபத்தாக முடியலாம். தரமான மருந்தே ஆனாலும், வீட்டுத் தரையில் கிடக்கும் முட்டைகளைக் கணக்கில் கொள்ளாவிட்டால் அது வேலை செய்யவில்லை என்றே தோன்றும். பெட்டியின் முகப்பில் உள்ள பெயரை ஒதுக்கிவிட்டு, உள்ளிருக்கும் மூலப்பொருள் எது, அது பூச்சியின் எந்தப் பருவத்தைத் தாக்குகிறது, அதன் பலன் எத்தனை நாள் நீடிக்கிறது என்று பார்க்கப் பழகினால் தேர்வு எளிதாகிவிடும்.

படி 1: உடலில் இருப்பது எது என்று உறுதிசெய்யுங்கள்

தெள்ளுப்பூச்சி இறக்கையில்லாத, பக்கவாட்டில் தட்டையான, செம்பழுப்பு நிறப் பூச்சி. இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளராது. மயிருக்கிடையே விரைந்து ஓடும், துள்ளும். உண்ணி சிலந்தி இனத்துக்கு உறவானது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள் உண்டு. அது துள்ளாது, வாயுறுப்பைத் தோலில் பதித்து நாட்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். தெள்ளுப்பூச்சியை மட்டும் கொல்லும் மருந்துகளும், உண்ணியை மட்டும் கொல்லும் மருந்துகளும் இருப்பதால், இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் மருந்து வீணாகவே வாய்ப்பு அதிகம்.

தெள்ளுப்பூச்சியை நேரில் காண்பது கடினம். அது விட்டுச்செல்லும் எச்சத்தைக் காண்பது எளிது. நெருக்கமான பற்களுள்ள சீப்பினால் வாலின் அடிப்பகுதி, வயிறு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களைச் சீவி, சீப்பில் சேரும் கரும்பொடியை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். சிறிது நேரத்தில் அந்தப் புள்ளிகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்து பரவினால், அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த இரத்தம். நிறம் கசியாவிட்டால் அது வெறும் அழுக்கு. ஒவ்வாமை உள்ள நாய்கள் ஓயாமல் நக்கியும் கடித்தும் பூச்சிகளை விழுங்கிவிடுவதால், வாலடியில் மயிர் உதிர்ந்து தோல் சிவந்திருந்தும் ஒரு பூச்சிகூடச் சிக்காமல் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உண்ணியைத் தேடக் கண்ணைவிட விரல் நுனியே உதவும். காதின் உள்மடிப்பு, கண்ணிமை ஓரம், கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, அக்குள், தொடையிடுக்கு, வாலின் கீழ்ப்புறம், விரல்களின் இடுக்கு ஆகிய இடங்களை மெதுவாகத் தடவிப் பாருங்கள். பசியுடன் இருக்கும் உண்ணி எள்ளளவே இருக்கும். இரத்தம் குடித்தது சாம்பல் நிறத்தில் பருத்துத் திரண்டிருக்கும். ஆண் நாய்களுக்கும் முலைக்காம்புகள் உண்டு என்பதை அறியாமல், அவற்றை உண்ணி என்று நினைத்துப் பிடுங்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். கால்கள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

இரண்டுக்கும் தடயமே இல்லாமல் சொறிச்சல் மட்டும் தொடர்ந்தால், சொறிப்பூச்சி, பூஞ்சை, உணவு ஒவ்வாமை என வேறு காரணங்கள் இருக்கலாம். அதற்குத் தோல் பரிசோதனைதான் வழி. பூச்சி மருந்தை மாற்றி மாற்றிப் போடுவது நேரத்தை வீணாக்கும்.

படி 2: பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘மருந்து போட்டும் போகவில்லை’ என்ற புலம்பலின் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

நாய்களின் மேல் காணப்படும் தெள்ளுப்பூச்சிகளில் பெரும்பாலானவை, ‘பூனைத் தெள்ளு’ எனப்படும் டீனோசெஃபாலைடிஸ் ஃபெலிஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவை. எனவே வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும். பெண் பூச்சி முதல்முறை இரத்தம் குடித்து ஓரிரு நாட்களில் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். அந்த முட்டைகள் மயிரில் ஒட்டாமல், நாய் படுக்கும் இடமெல்லாம் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்தை வெறுத்து விரிப்பின் அடியிலும் தரை வெடிப்பிலும் பதுங்கி, மேலிருந்து உதிரும் உலர்ந்த இரத்த எச்சத்தைத் தின்று வளரும். பிறகு ஒட்டும் தன்மையுள்ள நூலால் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டின் மேல் தூசியும் மணலும் படிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது, பூச்சிக்கொல்லியும் எளிதில் உள்ளே நுழையாது. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி, அதிர்வோ உடற்சூடோ மூச்சுக்காற்றோ தன்னை எட்டும்வரை பல மாதங்கள் காத்திருக்க வல்லது. ஒரு வீட்டில் உள்ள தெள்ளுப்பூச்சிகள் மொத்தத்தில், நாயின் மேல் இருக்கும் வளர்ந்தவை ஏறக்குறைய 5 விழுக்காடுதான். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில்தான் இருக்கின்றன என்பது கால்நடை மருத்துவத்தில் பரவலாகக் கையாளப்படும் கணக்கு.

உண்ணிகளின் கதை வேறு. நாய்களைப் பெரிதும் தாக்கும் பழுப்பு நாய் உண்ணி, அதாவது ரைபிசெஃபாலஸ் சாங்குனியஸ், ஆறு கால்களுள்ள குஞ்சு, எட்டுக் கால்களுள்ள இளம் உண்ணி, முதிர்ந்த உண்ணி என்ற மூன்று பருவங்களிலும் ஒவ்வொரு முறை இரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் நாயை விட்டு இறங்கிவிடும். இறங்கியது சுவர் வெடிப்பு, கதவு நிலை, திரைச்சீலை மடிப்பு என்று மேல்நோக்கி ஏறி ஒளிந்துகொள்ளும். வயிறு நிறைந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுவிட்டுச் சாகும். புல்வெளிக்கே போகாத வீட்டு நாய்க்கு உண்ணி எப்படி வந்தது என்று வியப்பவர்களுக்கு இதுவே பதில்: இந்த இனம் தன் வாழ்நாள் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழிக்கக் கூடியது.

படி 3: உங்கள் நாயைப் பற்றிய விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஆகவே தோராயமாகச் சொல்லாமல், நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். அடுத்து வயது. பல மருந்துகள் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குத் தரக்கூடாதவை. ஐசாக்சசோலின் வகையைச் (படி 4இல் வரும் வாய்வழி மருந்துக் குடும்பம்) சேர்ந்த சில மருந்துகளுக்கு ஒரு நாட்டில் 8 வாரம் என்றும் இன்னொரு நாட்டில் 6 மாதம் என்றும் குறைந்தபட்ச வயது குறிக்கப்பட்டிருப்பதால், உங்கள் கையிலுள்ள பெட்டியில் அச்சிட்டிருப்பதையே பின்பற்றுங்கள். மிகச் சிறிய குட்டிகளுக்கு, சீப்பால் சீவிப் பூச்சியை எடுப்பதும் தாய் நாய்க்கு உரிய சிகிச்சை தருவதுமே பாதுகாப்பானது.

இவற்றோடு, நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா, கருவுற்றோ பாலூட்டியோ இருக்கிறதா, வேறு மருந்து எடுத்துக்கொள்கிறதா, அடிக்கடி குளிக்குமா அல்லது நீந்துமா, வீட்டில் பூனையோ முயலோ சிறு குழந்தையோ உண்டா என்பவற்றையும் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். ‘கோலி’ (Collie) எனப்படும் மேய்ப்பு நாய் இனத்தையும் அதன் உறவினங்களையும் சேர்ந்த நாய்கள் பலவற்றில் எம்டிஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதால், ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் அதிக அளவில் கொடுக்கப்பட்டால் மூளைக்குள் நுழைந்து நஞ்சாகும். ‘ஒரு ஊசி போட்டால் உண்ணி போய்விடும்’ என்ற பேச்சை நம்பி, மருத்துவர் அல்லாதவர் கையால் ஐவர்மெக்டின் ஊசி போடுவது எந்த இன நாய்க்கும் தவறானது. உண்ணியை ஒழிக்க நம்பத்தக்க மருந்தும் அதுவன்று.

படி 4: மூலப்பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் பரிந்துரைப்பவை ஐசாக்சசோலின் குடும்பத்து வாய்வழி மருந்துகள். அமெரிக்காவில் அஃபோக்சோலனர் 2013இலும், ஃப்ளூரலனர் 2014இலும், சரோலனர் 2016இலும், லோட்டிலனர் 2018இலும் நாய்களுக்கென ஒப்புதல் பெற்றன. பூச்சியின் நரம்பு மண்டலத்தை மட்டுமீறித் தூண்டிக் கொல்லும் இவை தெள்ளுப்பூச்சி, உண்ணி இரண்டையும் கட்டுப்படுத்துகின்றன. ஃப்ளூரலனர் மாத்திரை பொதுவாக 12 வாரம் வரையும், மற்ற மூன்றும் ஏறத்தாழ ஒரு மாதமும் பலன் தரும். குளிப்பாட்டினாலும் பலன் குறையாது என்பது பெரிய வசதி. ஆனால் இவை பூச்சியை விரட்டுவதில்லை. பூச்சி கடித்து இரத்தம் குடித்தால்தான் சாகும். மாத்திரை கொடுத்த நாயின் மேல் உயிருள்ள உண்ணியைக் காண்பது அதனாலேயே மருந்தின் தோல்வி ஆகிவிடாது.

இந்தக் குடும்பத்தைப் பற்றிய அச்சத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை சில நாய்களுக்கு ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் எச்சரித்தது. அதே அறிவிப்பில், பெரும்பாலான நாய்களுக்கு இவை பாதுகாப்பானவை என்றும் கூறியது. ஆகவே வலிப்பு வரலாறு இல்லாத நாய்க்குத் தயங்கத் தேவையில்லை என்பதும், வரலாறு உள்ள நாய்க்கு மருத்துவரிடம் பேசாமல் தரக்கூடாது என்பதும் என் கருத்து.

தோலில் இடும் சொட்டு மருந்துகளில் ஃபிப்ரோனில் பழகிய பெயர். அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்கி, மெல்ல மெல்ல உடல் முழுவதும் பரவும். அதனுடன் மெத்தோப்ரீன் சேர்ந்திருந்தால் முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கப்படும் என்பதால், இரண்டும் சேர்ந்ததை வாங்குவதே நல்லது. சில இடங்களில் பழுப்பு நாய் உண்ணி ஃபிப்ரோனிலையும் பெர்மெத்ரினையும் தாங்கப் பழகிவிட்டது பதிவாகியிருப்பதால், முறையாகப் பயன்படுத்தியும் உண்ணி குறையாவிட்டால் வேறு குடும்பத்து மருந்துக்கு மாறுங்கள். வீட்டில் முயல் இருந்தால் ஃபிப்ரோனிலைத் தவிர்ப்பது மேல். அது முயலுக்கு நஞ்சு. இமிடாகுளோப்ரிட் மட்டுமே உள்ள சொட்டு மருந்து தெள்ளுப்பூச்சிக்கு நல்லது, உண்ணிக்குப் பயன்படாது. அதனுடன் பெர்மெத்ரின் சேர்ந்ததோ உண்ணியை ஒட்டவிடாமல் விரட்டவும் செய்யும்; ஆனால் பெர்மெத்ரின் பூனையின் உயிருக்கே உலை வைக்கக் கூடியது. நாயுடன் ஒட்டிப் படுக்கும் பூனை உள்ள வீட்டில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள். நாய்க்குரிய சொட்டு மருந்தில் சிறிதளவைப் பூனைக்கு இடும் பழக்கத்தால் பூனைகள் இறந்திருக்கின்றன.

செலாமெக்டின் தெள்ளுப்பூச்சியோடு காதுப்பூச்சி, ஒருவகைச் சொறிப்பூச்சி, இதயப்புழுவின் இளம்புழு ஆகியவற்றையும் கட்டுப்படுத்தும். உண்ணி விஷயத்தில் அதன் திறன் குறைவு. ஸ்பினோசாட் மாத்திரையும் தெள்ளுப்பூச்சிக்கு மட்டுமே உரியது. அதிக அளவு ஐவர்மெக்டினுடன் அதைச் சேர்த்துத் தரக்கூடாது. பூச்சி மொய்த்துத் தவிக்கும் நாய்க்கு உடனடி ஆறுதல் வேண்டுமென்றால் நிட்டன்பைரம் மாத்திரை சுமார் அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். ஓரிரு நாளில் அதன் பலன் தீர்ந்துவிடும் என்பதால், நீண்டகால மருந்து ஒன்று பின்தொடர வேண்டும்.

இமிடாகுளோப்ரிட், ஃப்ளுமெத்ரின் இரண்டும் சேர்ந்த கழுத்துப் பட்டை 8 மாதம் வரை உழைக்கும். மாதந்தோறும் மருந்து கொடுக்க மறந்துபோகிறவர்களுக்கு ஏற்றது. அமிட்ராஸ் கலந்த கழுவுநீர் உண்ணியைக் கொல்லும், தெள்ளுப்பூச்சிக்கு உதவாது. நாயை மந்தமாக்கி இரத்தச் சர்க்கரையை உயர்த்தக் கூடியது என்பதால் அதை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஷாம்பூவும் பவுடரும் அன்றைக்கு இருக்கும் பூச்சியைக் குறைக்கும், நாளை வருவதைத் தடுக்காது.

வீட்டு வைத்தியங்களில் பூண்டு அறவே வேண்டாம். அது நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். டீ ட்ரீ எண்ணெயும் கற்பூரமும் நாய்க்கு நஞ்சு. வேப்பெண்ணெய் பூச்சியைச் சற்று விலக்கினாலும் பெருகிவிட்ட தெள்ளுப்பூச்சியை ஒழிக்காது. பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுவதைப் பற்றி ஒரே வரி போதும்: அது நாயையும், குளிப்பாட்டுகிறவரையும் கொல்லலாம்.

படி 5: மருந்தைச் சரியாகக் கொடுங்கள்

சொட்டு மருந்தை மயிரின் மேல் ஊற்றுவதே மிகப் பரவலான பிழை. தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, நாயின் நாக்கு எட்டாத இடத்தில், மயிரை இரு பக்கமும் விலக்கி வெள்ளைத் தோல் ஒரு கோடாகத் தெரிந்த பிறகு, குழாயின் முனையைத் தோலில் வைத்துப் பிழியுங்கள். பெரிய நாயாக இருந்தால் முதுகெலும்பை ஒட்டிப் பல இடங்களில் பிரித்து இடும்படி சில மருந்துகளில் குறிப்பு இருக்கும். முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளிப்பாட்டாதீர்கள். தோலில் எண்ணெய்ப் பசை இல்லாவிட்டால் மருந்து பரவ வழியில்லை. காயும்வரை குழந்தைகளும் பிற விலங்குகளும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையில் ஃப்ளூரலனர், லோட்டிலனர், ஸ்பினோசாட் ஆகியவற்றை உணவோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து உடலில் போதிய அளவு சேராது. பெரிய நாய்க்குரிய மாத்திரையை வெட்டி இரண்டு சிறிய நாய்களுக்குப் பகிர்வது சிக்கனம்போலத் தோன்றினாலும், ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாய் வாந்தி எடுத்தால், மருத்துவரிடம் கேட்காமல் இரண்டாவது மாத்திரை கொடுக்காதீர்கள். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். மீந்து தொங்கும் பகுதியை நாய் கடிக்காதபடி வெட்டிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வகை மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.

படி 6: ஒட்டியிருக்கும் உண்ணியை அகற்றுங்கள்

கூரிய முனையுள்ள இடுக்கியால், உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல் தோலை ஒட்டிய தலைப்பகுதியைப் பற்றி, வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக மேல்நோக்கி இழுங்கள். வாயுறுப்பின் துணுக்கு தோலில் தங்கிவிட்டால் தோண்ட வேண்டாம். உடலே அதை வெளியேற்றிவிடும். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் தடவுவது, நகப்பூச்சு பூசுவது ஆகியவை உண்ணியைத் துன்புறுத்தி அதன் எச்சில் காயத்துக்குள் போகச் செய்யும் ஆபத்துள்ளவை. எடுத்ததை விரலால் நசுக்காமல் ஆல்கஹாலில் போட்டு, கைகளையும் காயத்தையும் கழுவி, அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள்.

படி 7: வீட்டையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள்

நாயின் படுக்கை விரிப்புகளை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் வாரந்தோறும் துவையுங்கள். விரிப்பு, சோபா இடுக்கு, கட்டிலின் அடி, சுவரும் தரையும் சேரும் மூலை, நாய் ஏறும் கார் என எல்லா இடங்களையும் வேக்வம் கிளீனரால் உறிஞ்சி, அதன் பையை உடனே கட்டி வெளியே அப்புறப்படுத்துங்கள். அந்த அதிர்வு கூட்டுக்குள் உறங்கும் பூச்சிகளையும் எழுப்பிவிடும். எழுந்தவை மருந்து பெற்ற நாயின் மேல் ஏறிச் சாகும். தரைக்குத் தெளிக்கும் மருந்தில் மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் இருக்கிறதா என்று பாருங்கள். அவைதான் முட்டைக்கும் புழுவுக்கும் எமன். உண்ணிக்கு மூலப்பொருளும் வேறு, தெளிக்கும் இடமும் வேறு: சுவர் வெடிப்புகள், கதவு நிலைகள், நாய்க்கூண்டின் கூரை. தெளித்துக் காயும்வரை எல்லா விலங்குகளையும் வெளியே வையுங்கள்; மீன்தொட்டியை மூடி, அதன் காற்றுக்குழாயை நிறுத்திவிடுங்கள்.

படி 8: பலனை எப்போது மதிப்பிடுவது?

ஏற்கெனவே தரையில் இருந்த கூடுகள் ஒவ்வொன்றாகத் திறந்து முடியும்வரை புதிய தெள்ளுப்பூச்சிகள் வந்துகொண்டே இருக்கும். அதனால் இரண்டு, மூன்று மாதம் தவறாமல் மருந்து கொடுத்த பிறகே அது பலனளித்ததா என்று தீர்மானிக்க முடியும். அதற்குள் மருந்தை மாற்றுவதற்கு முன், எடைக்குரிய அளவுதானா, இடையில் ஒரு தவணை தவறியதா, வீட்டிலுள்ள மற்ற விலங்குகளுக்கும் கொடுத்தீர்களா, பெட்டியின் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் முத்திரையும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். போலிச் சரக்கு இந்தத் துறையில் உண்மையான தொல்லை. மலத்திலோ ஆசனவாயைச் சுற்றியோ அரிசி போன்ற துணுக்குகள் தென்பட்டால், நாய் தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் வந்த நாடாப்புழு அது. அதற்குத் தனியாகக் குடற்புழு மருந்து தேவை.

எப்போது உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

உண்ணி கடித்த அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், உணவில் நாட்டமின்மை, வெளுத்த ஈறு, மூக்கிலிருந்து இரத்தம், கருஞ்சிவப்புச் சிறுநீர், மூட்டு வீங்கி நொண்டுதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எர்லிக்கியா, பேபீசியா போன்ற தொற்றுகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். உண்ணியை எடுத்த தேதி அப்போது உதவும். பூச்சி மொய்த்த சிறு குட்டி சோர்ந்து, ஈறு வெளுத்துக் கிடந்தால் இரத்தசோகைக்கு ஆளாகியிருக்கலாம்; மறுநாள்வரை பொறுக்கக் கூடாது.

மருந்து இட்ட பின் நடுக்கமோ வலிப்போ மிகையான உமிழ்நீரோ வந்தால், நாய்க்கு முழு நினைவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வலிப்பில் இருக்கும் நாயைக் குளிப்பாட்டாமல் நேரே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். நினைவோடு இருந்து, கொடுத்தது சொட்டு மருந்தாக இருந்தால், பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து அந்த இடத்தைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் பெட்டியைக் கையோடு எடுத்துச் சென்றால், மூலப்பொருளின் பெயரைப் பார்த்தவுடனே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்.